ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவள்

கிட்வே, 9 பிப்ரவரி 1997

பெயர் வராத நம் பிள்ளையின் அம்மாவுக்கு,

பிறந்து பெயர் வைத்ததும் ஊரே உன்னை அவன் அம்மா என்றுதானே கூப்பிடப்போகிறது? நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். உன் கடிதம் படித்ததும் சுரங்க அலுவலக மேசையில் தாளம் போட்டேன். பக்கத்து மேசை தெம்போ, "என்னய்யா, லாட்டரியா?" என்றான். சொல்லவில்லை.

நீயும் சொல்லாதே. ஜூன் கடைசியில் உன் வேலையை நிரந்தரமாக்கும்வரை வங்கியில் யாருக்கும் தெரியக்கூடாது. கால் மணி நேரம் முன்னால் போ. எந்த வேலை சொன்னாலும் முடியாது என்னாதே. வீட்டுக் கதையை வாசலிலேயே விட்டுவிடு. முக்கியமாக, விடுப்பு கேட்காதே. இங்கே சுரங்கத்தை விற்கிறார்கள்; வாரம் இருபது பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் உன் சம்பளம்தான் மூன்று பேருக்கும் சோறு.

உன் கசோண்டே

லுசாக்கா, 20 ஏப்ரல்

என் பிள்ளையின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறேன். வயிறு தெரியாமலிருக்க, இடுப்பில் கட்டும் சித்தெங்கே துணியைச் சீருடைக்குள் இறுக்கிச் சுற்றிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மேலாளர் திருமதி சிம்பா எல்லோர் முன்னாலும், "முவாபேயைப் பாத்துக் கத்துக்குங்கடி. ஒரு நாள் லீவு போட்டிருக்காளா?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

கர்ப்பிணிகளை மருத்துவமனையில் செவ்வாய் காலை மட்டும் பார்க்கிறார்கள். இதுவரை போகவில்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறது, தலை வலிக்கிறது. ஒரே ஒரு செவ்வாய் கேட்கட்டுமா?

முவாபே

கிட்வே, 28 ஏப்ரல்

பெயர் வராத பிள்ளையின் அம்மாவுக்கு,

கேட்காதே. ஒரு செவ்வாய் கேட்டால், எல்லாச் செவ்வாயும் கேட்பாள் என்று நினைப்பார்கள். ஓர் அளவு பெரிய ஷூ வாங்கிக்கொள். பாலிஷ் பளபளக்க வேண்டும். அதிகாரிகள் முதலில் பார்ப்பது காலைத்தான். தலைவலியை முகத்தில் காட்டாதே. இன்னும் ஒன்பதே வாரம்.

தெம்போவை அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவன். இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

உன் கசோண்டே

லுசாக்கா, 1 ஜூலை

கசோண்டே,

ஜூனில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

ஜூன் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை, வங்கி மூடும் நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. பையன். மூச்சில்லாமல் பிறந்தான். நர்ஸ் என் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையைத் தேடினாள். இருந்தால்தானே. "இத்தனை மாசம் எங்கம்மா இருந்தே? ரத்தக்கொதிப்பு இப்படி ஏறியிருக்கு. ஒரு தடவ வந்திருந்தாக் கண்டுபிடிச்சிருப்போமே!"

"வேலையில இருந்தேன்" என்றேன்.

அண்டை வீட்டுப் பெண்கள் நான்கு பேர் புதைத்தார்கள். நம் வழக்கப்படி, இப்படிப் பிறந்தவனைப் புதைக்க ஆண்கள் வரக்கூடாது, சத்தம் போட்டு அழக்கூடாது. அதனால்தான் உங்களுக்குத் தந்தி அடிக்கவில்லை. அவனைச் சுற்ற வேறு துணி இல்லை. நான் இடுப்பில் கட்டியிருந்த சித்தெங்கேயைக் கொடுத்தேன். அதை இறுக்கியது என் கைதான்; அந்த உண்மையை நான் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை துக்க விடுப்பு கேட்டேன். திருமதி சிம்பா கெட்டவர் இல்லை. படிவத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இறந்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. காலியா அனுப்பினா தலைமை ஆபீஸ்ல தள்ளிடுவாங்க." அன்றும் கவுண்டரில் நின்றேன். மருத்துவமனையில் கிடந்தது சனியும் ஞாயிறும். ஆகவே நான் இன்னும் ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவள்தான்.

நேற்று வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நீங்கள் சொன்னதெல்லாம் பலித்தது.

உங்களையும் சுரங்கத்திலிருந்து அனுப்பினால் எழுதுங்கள், சம்பளத்தில் பாதி அனுப்புகிறேன். இங்கே வரவேண்டாம். இனி என்னைப் பிள்ளையின் அம்மா என்று எழுதாதீர்கள். எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவனுக்குத்தான் இல்லை.

முவாபே