வலது கை கருகிய ஜாக்கெட்

கணியூர்
12.12.2006

அன்புள்ள மாமாவுக்கு,

சித்ராதேவி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் ஜோர்டானில் நலமாக இருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. தனி அறை, வெள்ளிக்கிழமை லீவு, உங்கள் பொறுப்பில் நாற்பது மெஷின். சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி குறையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நடவு நடக்கிறது. நானும் நான்கு நாள் போனேன். எட்டு வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த இடுப்பு, சேற்றில் வளைய மாட்டேன் என்கிறது.

பக்கத்து வீட்டு ஃபோனுக்கு நீங்கள் கூப்பிடும்போதே இதையெல்லாம் பேசியிருக்கலாம். ஆனால் அங்கே டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஐந்து பேர் என் வாயையே பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் கடிதத்தில் மூன்று வேலை சொல்லியிருக்கிறீர்கள். வண்டியை வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும். மூணாறில் நாம் எடுத்துக்கொண்ட போட்டோவை அனுப்ப வேண்டும். குளிர் தாங்க முடியவில்லை, கனமான ஜாக்கெட் ஒன்று அனுப்ப வேண்டும். மூன்றுமே அந்த ஒரு நாளைச் சேர்ந்தவை என்று எழுதும்போது உங்களுக்கு உறுத்தவே இல்லையா?

போன வருஷத் தீபாவளி லீவு. தெற்கத்தி ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட, திருப்பூரே வெறிச்சென்று கிடந்தது. விடிவதற்குள் என்னை எழுப்பி, சேலை வேண்டாம், சுடிதார் போட்டுக்கொள், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார் என்றீர்கள். நமக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அப்படி உட்கார்ந்தது அன்றுதான். பல்லடம் தாண்டும்போதே பனி முகத்தில் அடித்தது. நிறுத்திப் பையிலிருந்து இரண்டு ஜாக்கெட் எடுத்தீர்கள். ஆர்டர் போக மிஞ்சிய சர்ப்ளஸ் பீஸ் என்றீர்கள். மாதுளை நிறத்தில் இருந்ததை எனக்குக் கொடுத்தீர்கள். உடுமலையில் டீ குடித்துவிட்டு மலையைப் பார்த்து வண்டியைத் திருப்பியபோது எனக்குப் பாட்டு வந்தது. நான் வாய்விட்டுப் பாடினேன், நீங்கள் ஹாரன் அடித்தீர்கள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் மாமா. இல்லை என்று சொன்னால் பொய். எனக்கு எரிச்சலே அதில்தான்.

சின்னாறு செக்போஸ்ட்டில் வெயில் ஏறிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றினேன். கழுத்துப் பட்டியின் உள்ளே அட்டை தொங்கியது. அட்டையில் சிவப்பு சீல், வெள்ளைக்காரன் கையெழுத்து, அதன் கீழே பெற்றுக்கொண்டதாக உங்கள் கையெழுத்து. சாம்பிள் செக்‌ஷனில் நானே தைத்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் பார்த்து ஒப்புக்கொண்டு சீல் போட்டுத் திருப்பி அனுப்பிய பீஸ். அதைப் பார்த்துத்தான் மீதி முப்பதாயிரத்தையும் தைக்க வேண்டும். பையரோடு பேசி ஆர்டரையே பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசரான உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை ஏன் எடுத்து வந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தீர்கள். “ஒன்னும் ஆகாது கண்ணு. லீவு முடிஞ்சு போறப்ப கொண்டுபோயி வெச்சரலாம். நீ தெச்சதுதான, நீ போட்டா என்ன?” என்றீர்கள். அந்தக் கடைசிப் பேச்சில் நான் மயங்கிவிட்டேன். எட்டு வருஷமாக ஊரான் போட்டுக்கொள்ளத் தைத்தவளுக்கு ஒரு நாள் தானே போட்டுப் பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. என் மேல் உள்ள தப்பு அவ்வளவுதான். இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மறையூர் ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு நீங்கள் வண்டியைச் சாய்த்ததில் முடிச்சு தளர்ந்து, ஜாக்கெட்டின் வலது கை கீழே தொங்கி, சைலன்சரில் ஒட்டிக்கொண்டது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. பதறி இழுத்ததில் என் கணுக்காலும் சைலன்சரில் பட்டது. பாலிதீன் பை நெருப்பில் சுருங்குவதைப் போல முழங்கைப் பக்கம் சுருங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நீங்கள் இறங்கி முதலில் சைலன்சரைப் பார்த்தீர்கள். பளபளப்பில் கருப்பாக ஒட்டியிருந்ததை நாணயத்தால் சுரண்டினீர்கள். அதன் பிறகு ஜாக்கெட்டைப் பார்த்தீர்கள். என் காலை நீங்கள் பார்க்கவே இல்லை. தழும்பு இப்போதும் இருக்கிறது.

அதற்கு மேலும் மூணாறு வரை போனோம். மேலே போகப் போகக் குளிர், அந்த ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டேன். வலது முழங்கையில் மட்டும் காற்று நுழைந்துகொண்டே இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் நின்று போட்டோ எடுக்கும்போது, ஓட்டை தெரியாமல் பிடித்துக்கொள் என்றீர்கள். போட்டோவில் நான் இடது கையால் வலது முழங்கையைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அங்கே யாரிடமாவது காட்டினால் குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். போட்டோவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

லீவு முடிந்து கட்டிங் தொடங்கியபோது சீல் போட்ட பீஸ் எங்கே என்று கம்பெனியே அல்லோலகல்லோலப்பட்டது. அன்று வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். நான் மாட்டினால் இந்தத் தொழிலிலேயே தலைகாட்ட முடியாது, டெய்லருக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை உண்டு, நீ போய், கட்டிங் வேஸ்ட்டோடு கவனமில்லாமல் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடு என்றீர்கள். நான் போய்ச் சொன்னேன். வேலை போனது. ஜாக்கெட்டை அடுப்பில் போடச் சொன்னீர்கள். தைத்த கைக்கு மனம் வரவில்லை, பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். நீங்கள் ஜோர்டானுக்குக் கிளம்பியதும் அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவிடம் வந்தேன். எந்தக் கம்பெனியிலும் என்னைச் சேர்க்கவில்லை. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், அவ்வளவுதான். ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

போன வாரம் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு கம்பெனிக்குப் போனேன். குருசாமி என்று ஒரு மாஸ்டர், ராஜபாளையம் பக்கத்துக்காரர். ஒரு பீஸ் தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார். பிறகு பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டார். திரும்பி வந்தவர் முகமே மாறிவிட்டது. “தையல்ல குறை சொல்ல முடியாதும்மா. ஆனா கம்பெனிச் சரக்கைத் திருடிட்டுப் போனதா ஃபைல்ல இருக்காம். உங்க வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்திருக்காராம்மா” என்றார்.

நான் நம்பவில்லை. நேராகப் பழைய கம்பெனிக்கே போனேன். முதலாளி ஃபைலை எடுத்துக் காட்டினார். என் மனைவிதான் சாம்பிள் அறையிலிருந்து திருடி எடுத்துப் போனாள், எனக்குச் சம்பந்தம் இல்லை என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. “பொண்டாட்டின்னும் பாக்காம உண்மைய எழுதிக் குடுத்தாப்டி. அந்த நாணயத்துக்குத்தானம்மா ஜோர்டானுக்கு அனுப்புனேன்” என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால், திருடியதும் இல்லாமல் புருஷன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். கவனக்குறைவு என்று என்னைச் சொல்லவைத்துவிட்டு, திருட்டு என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அம்மாவிடம் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

குருசாமி மாஸ்டர் நல்ல மனிதர். பொங்கல் வரை வேறு ஆள் போடுவதில்லை, பெயர் சுத்தமானால் வாருங்கள் என்றிருக்கிறார். அதைச் சுத்தம் செய்ய உங்கள் ஒருவரால்தான் முடியும். நான்தான் எடுத்தேன் என்று முதலாளிக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அங்கேயே இருங்கள், எவ்வளவு பெரிய ஆளாக வேண்டுமானாலும் ஆகுங்கள். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

வண்டியை நான் ஸ்டார்ட் செய்வதில்லை. தார்ப்பாயைத் தூக்கினால் நீங்கள் சுரண்டியது போக மிச்சம் சைலன்சரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. பாட்டரி செத்திருக்கும்.

ஜாக்கெட் கேட்டீர்களே, தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதே ஜாக்கெட்தான். துவைத்து மடித்திருக்கிறேன். சீல் அட்டையும் உங்கள் கையெழுத்தும் கழுத்துப் பட்டியில் அப்படியே இருக்கின்றன. ஓட்டையை மட்டும் தைக்கவில்லை. தைத்தால் தைத்த இடமே தெரியாது, என் கை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தைக்கவில்லை.

முன்பின் தெரியாத ஊரில் இருக்கிறீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தால் வலது கைக்குக் குளிரும். அதற்காக அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி,
சித்ராதேவி