கொள்ளு ரசத்தில் ஒரு கல் உப்பு

துடியலூர்
3.2.2025

அன்புமணி,

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஆவணியிலிருந்து என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் தபால்.

கருமத்தம்பட்டியில் நீ மெஸ் திறந்து ஐந்து மாதமாம். எனக்குச் சொன்னவர் ஒரு காளான் கடைக்காரர். பதினாலு வருஷம், ஞாயிறு தவறாமல், ஒரே ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டவர்கள் நாம். பெரியநாயக்கன்பாளையத்தில் குடல் கறிக்காக மழையில் ஒரு மணி நேரம் நின்றோம். அன்னூரில் கம்மங்கூழ் புளிக்கவில்லை என்று கடைக்காரம்மாவிடம் நீ சண்டை பிடித்தாய். சொந்தக் கடை வந்ததும் நான் வேண்டாதவனாகிவிட்டேன்.

நேற்று சொல்லாமல் வந்து சாப்பிட்டேன். பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாத் தூள் இல்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். இன்று அப்படிச் செய்பவர் அரிது. கொள்ளு ரசத்தில் ஒரு கல் உப்பு கூட. வார இதழில் என் சாப்பாட்டுப் பகுதியில் இரண்டையும் எழுதுவேன். கோபத்துக்காக நாக்கை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஏன் கூப்பிடவில்லை? பதில் வரும்வரை வாரம் ஒரு கடிதம் வரும்.

ஈஸ்வரமூர்த்தி

*

கருமத்தம்பட்டி
10.2.2025

ஈஸ்வரமூர்த்திக்கு,

அன்றே என் மனைவி அன்புக்கரசி உன்னைப் பார்த்துவிட்டாள். "ரசத்தை மோந்து பார்த்துப்போட்டுக் குடிக்கறாரே, உங்க சிநேகிதர்தானுங்க அது?" என்றாள். நான் அடுப்படியை விட்டு வரவில்லை.

கடை திறப்புக்கு நேரில் வந்துதானே அழைக்க வேண்டும்? ஆவணியில் நானும் அவளும் தாம்பூலத் தட்டோடு உன் வீட்டுக்கு வந்தோம். நீ வெளியே போயிருந்தாய். உன் அம்மா வாசலில் நாற்காலி போட்டார். "வெயில்ல வந்திருக்கீங்க கண்ணு, காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க" என்றார். மரியாதைக்குக் குறைவே இல்லை.

என் அம்மா சின்னத்தாயி உங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர். அதனால் உங்கள் அலமாரியில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் உண்டு, அடியில் சிவப்பு பெயிண்ட் பொட்டு வைத்தது. பதினாலு வருஷம் அதில் குடித்தேன். அன்றும் எனக்கு அதுதான். அன்புக்கரசிக்குத் தனி டம்ளர் இல்லாததால் காகிதக் கப். அவள் கப்பைப் பார்த்தாள், என் டம்ளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அழைப்பிதழ் பையிலேயே திரும்பி வந்தது.

உன் அம்மாவுக்கு எண்பது வயது. அவரை விடு. எந்தக் கடைத் தண்ணீர் டம்ளரில் பாசி வாடை என்றுகூட எழுதுகிறவன் நீ. இதை மட்டும் பார்க்கவில்லையா?

அன்புமணி

*

துடியலூர்
17.2.2025

அன்புமணி,

"தெரியாது" என்று எழுதித்தான் முதல் தாளை நிரப்பினேன். கிழித்துவிட்டேன். தெரியும். வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்தேன். நீ சிரித்துக்கொண்டே குடித்தாய். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நீங்கள் வந்து போனதை மட்டும் அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. ஐந்து மாதம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாளாக அந்த டம்ளரில்தான் காப்பி குடிக்கிறேன், அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து. "ஏங்கண்ணு, ஊட்டுல டம்ளருக்கா பஞ்சம்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டாலும் நிறுத்தப்போவதில்லை.

ஞாயிறு இரண்டு பேரும் வாருங்கள். கூடத்தில் இலை போட்டு நானே பரிமாறுகிறேன்.

ஈஸ்வரமூர்த்தி

*

கருமத்தம்பட்டி
24.2.2025

ஈஸ்வரா,

நேற்று நாங்கள் வரவில்லை. இப்போதைக்கு வரவும் மாட்டோம். என் டம்ளரில் நீ குடிப்பதால் எனக்கு என்ன ஆகிவிடும்? அந்தப் பொட்டைச் சுரண்டு. மற்ற டம்ளர்களோடு கலந்து வை. எது என்னுடையது என்று உனக்கே தெரியாமல் போகட்டும். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

ரசத்தில் உப்பு கூடத்தான். நீ சொன்ன மறுநாளே குறைத்துவிட்டேன்.

இதோடு அந்த அழைப்பிதழை வைத்திருக்கிறேன். தேதி போய்விட்டது. விலாசம் அதேதான்.

இந்த முறை சொல்லிவிட்டு வா.

அன்புமணி