மலையில் பிறந்தவளுக்கு மாத்திரை எதற்கு

ஜூன் 10, செவ்வாய்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பெரு நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போன மகள் ஸ்டெல்லா, மூன்று நாளாக மூச்சு வாங்கி ஓட்டலில் படுத்துக் கிடக்கிறாள். அவள் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. இன்று வீடியோ காலில் அவள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைப் பார்த்துவிட்டுக் கத்தினேன்.

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?"

"மலை ஒசரத்துக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரைய நீங்கதானுங்கப்பா பொட்டியில இருந்து எடுத்துப் போட்டீங்க. மலையில பொறந்தவளுக்கு இதெல்லாம் எதுக்குன்னு. சொன்னா நொம்ப நொந்துக்குவீங்கன்னு உட்டுட்டேன்."

பக்கத்தில் மனைவி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தங்கியிருக்கிற ஊர் உயரத்தில் எங்கள் ஏற்காடு பாதிகூட இல்லையாம். இங்கே பக்கத்துச் செம்மநத்தம் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி இரண்டு தடவை உட்காருகிற நான் மலைக்காரனாம், யோசனை சொன்னேனாம்.

உடம்பு தேறினால் இன்னும் மேலே, பழைய கற்கோட்டைக்கு ஏறுவாளாம். போகாதே என்று சொல்ல எந்த முகத்தோடு வாயைத் திறப்பது?

"அங்கத்த டாக்டர் சொல்றதக் கேளு சாமி. நான் சொல்றதக் கேக்காத" என்று போனை வைத்தேன்.

இருபத்தாறு வருஷமாக எத்தனையோ நல்லது சொன்னேன். ஒன்றையும் கேட்டதில்லை. இதை மட்டும் ஏன் கேட்டுத் தொலைத்தாள்?