பிள்ளையின் கப்பலுக்குத் துரு

கோபக்காரிக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. நான் கப்பல் கம்பெனிக்குப் போகிறேன். புயலுக்கு அப்புறம் ஏன் தகவலே இல்லை என்று நேரிலேயே கேட்டுவிடுகிறேன்.

மேசையில் இருக்கும் மாதிரிக் கப்பலைத் தொடாதே, நங்கூரத்துக்குக் கீழே துரு மாதிரிப் பூசிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. "நம்ம புள்ள போன கப்பலுக்கு இப்பப் போயா துருப் பூசுவீங்க?" என்று நேற்றுக் கத்தினாய். அவன் அனுப்பிய படத்தில் இருந்ததைத்தான் பூசினேன். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது.

அவன் கூப்பிட்டால் முதலில் எனக்குச் சொல், அப்புறம் அழு.

பி.கு. மனசு கேட்கவில்லையென்றால் அந்தத் துருவைத் துடைத்துவிடு. பெயிண்டை அழிக்கிற தின்னரும் பஞ்சுக் குச்சியும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கைப்பிடிக் கம்பியெல்லாம் வெறும் நூல், பார்த்துத் துடை. அவன் குரலைக் கேட்டதும் மறுபடி பூசிக்கொள்கிறேன்.