கீழிருந்து விழுந்த வெளிச்சம்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
12-11-1958

அன்புள்ள மகன் சூசைராஜுக்கு,

நீ செவந்தியைக் கட்டிக்கொண்ட கோபத்தில்தான் உன் அப்பாவின் படத்தைத் திருப்பி அனுப்பினேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. படத்தில் நிழல் பிழை, அதனால் அனுப்பினேன்.

பக்கத்து வீட்டு அடைக்கலமேரி வந்து, "இம்புட்டு வைராக்கியம் ஆகாது ஆத்தா. பெத்த மகன் வரைஞ்சதை யாராச்சும் திருப்பி விடுவாங்களா?" என்றாள். பெற்ற மகன் என்பதால் பிழை சரியாகிவிடாது. மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறுகிறது. தாடைக்கு அடியில் இருக்கவேண்டிய இருட்டு புருவத்துக்கு மேலே இருக்கிறது. கான்வென்டில் ஓவியம் சொல்லித்தந்த சிஸ்டர் ஒரு முட்டையை எங்கள் முன் வைத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். வெயில் தரைக்கு அடியிலிருந்தா அடிக்கிறது? படம் வரைந்தே பிழைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?

உன் கல்யாணத்தன்று, என் கண்ணில் படாதே என்றேன். உண்மைதான். அதற்காகப் போன வருஷம் அப்பாவை அடக்கம் செய்யக்கூட வராமல் இருந்தாய். அவர் முகம் மறந்துதான் போயிருக்கும்.

அப்பாவின் வருஷ பூசைக்குள் திருத்தி அனுப்பு. மழையில் நனையாதே.

உன் தாய்,
சவேரியம்மாள்


சென்னை,
20-11-1958

அன்புள்ள அம்மாவுக்கு,

படம் வந்து சேர்ந்தது. திருத்த மனம் வரவில்லை. பார்த்தபடிதான் வரைந்தேன். கண்ணாடி போட்டு மறுபடி அனுப்புகிறேன். வேண்டாமென்றால் அடைக்கலமேரி அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். இனி எதுவும் அனுப்பித் தொந்தரவு செய்யமாட்டேன்.

செவந்தி உங்கள் முழங்கால் வலியை விசாரித்தாள்.

மகன்,
சூசைராஜ்


சேசு மரி சூசை துணை

ஆவூர்,
7-12-1958

அன்புள்ள சூசைராஜுக்கு,

நேற்று வருஷ பூசை. சடங்குக்காக வெறும் சவப்பெட்டியைக் கோவில் நடுவில் வைத்து, காலடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் உன் படம் நினைவுக்கு வந்தது.

அடக்கத்தன்றும் உன் அப்பாவைப் பீடத்தின் பக்கம் கால் நீட்டித்தான் கிடத்தியிருந்தோம். மழை மூடாப்பு. காலடி வெளிச்சம்தான் முகத்தில் ஏறியது. தாடை வெளுத்து, நெற்றி இருண்டு கிடந்தது. அங்கே நின்றவனுக்கே அந்த நிழல் தெரியும். நிழலில் பிழை இல்லை. படத்தை மாட்டிவிட்டேன்.

முகத்தின் இடப்பக்கத்தை வரைந்திருக்கிறாய். அப்படியானால் அந்தப் பக்கம் இருக்கும் பக்கவாசலில் நின்றிருக்கிறாய். நான் அன்று அடக்கப் பூசை முழுவதும் பெரிய வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கண்ணில் படாதே என்றேன், சொன்னபடி கேட்டுவிட்டாய். நான் உன் கண்ணில் பட்டேனா? நான் திரும்பிப் பார்த்ததை நீ பார்த்தாயா?

யாரிடமும் சொல்லி அனுப்பாதே. உன் கையால் பதில் எழுது.

உன் தாய்,
சவேரியம்மாள்