நாற்பத்தெட்டுச் சருகுப் பைகள்

ஜூன் 3
ஐந்தாவது எடுப்பு. காட்டிலிருந்து இரண்டு பை, புல்வெளியிலிருந்து இரண்டு. ஜனவரியில் ஒவ்வொரு வலைப்பையிலும் பத்து கிராம் காய்ந்த இலை போட்டுச் சருகுக்கு அடியில் வைத்தோம். மாதம் நான்காக எடுத்து, மண்ணைத் தட்டி, உலர்பெட்டியில் காயவைத்து நிறுக்க வேண்டும். எடை எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு இலை மக்கிவிட்டது.

பையைத் திறக்கும்போது தையலை விட்டுவிட்டு வலையின் நடுவில் கத்தரித்தேன். ஏன் என்று ஆய்வை நடத்தும் மேடம் கேட்கவில்லை. நல்லது.

ஜூன் 5
காடு 5.1, 5.4. புல்வெளி 7.6, 7.9. சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஜூன் 19
அத்தான் போன் செய்தார். அக்காவின் தையல் மெஷினை யாரோ கேட்கிறார்களாம். "நீ என்னம்மா சொல்றே?"

"உங்க இஷ்டம் அத்தான்."

அக்கா போய் ஐந்து மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அன்றைக்கு எல்லோரும் கதறிக்கொண்டிருந்தபோது நான் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம். டம்ளரை யாராவது கழுவத்தானே வேண்டும்?

ஜூலை 4
ஆறாவது எடுப்பு. இதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

பைகளைத் தைத்தது அக்கா. ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. "வெளியில் கொடுத்துத் தைத்தேன்" என்று சொல்லியிருந்தேன். நாற்பத்தெட்டையும் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தாள். நான் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். பதினொன்றில் இடைவெளி இருந்தது. மண்புழு புகுந்தால் கணக்கே கெட்டுவிடும். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"முதுகு கடுக்குதுடி" என்றாள்.

"நிமிர்ந்து உட்கார்ந்து தைச்சா ஏன் கடுக்குது?"

மறுநாள் பதினொன்றும் சரியாகி, ஒரு நூலில் கட்டி வாசலில் இருந்தன. இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரி. பைகளைக் காட்டில் வைத்த அன்று அவள் ஐசியூவில். நோய் எப்போதோ முதுகெலும்புவரை வந்துவிட்டதாம். முன்பே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

சரி, நான் டாக்டர் இல்லை. ஆனா நிமிர்ந்து உட்காருன்னு எதுக்குடி அவகிட்டச் சொன்னே? ஒரு பதினொரு பைக்காக?

ஆகஸ்ட் 3
ஏழாவது. மழை. அட்டை கடித்தது பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 11
கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மேடம் காட்டுக்குள்ளேயே பாடம் நடத்தினார். "சத்து சுத்திச் சுத்தி வரும். இலையில இருக்கிறது மண்ணுக்குப் போகும், வேர் எடுத்துக்கும், மறுபடி இலையாகும். ஆற்றல் அப்படி இல்லை. வெயிலா வந்தது இலை, புழு, பறவைன்னு போகப் போக, ஒவ்வொரு படியிலயும் பெரும்பகுதி சூடா வெளியே போயிடும். திரும்பி வராது."

"அந்தச் சூடு எங்க போகும் மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள். "பரவிப் போயிடும். பிடிச்சு வைக்க முடியாது" என்றார்.

அக்காவின் கை எப்போதும் சுடும். காய்ச்சலோ என்று சின்ன வயதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். நான் பைகளை மண்ணோடு பிடித்துவைக்கும் கம்பிகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 3
ஒன்பதாவது.

டிசம்பர் 22
அடுத்த வருடமும் ஆய்வு தொடருமாம். மறுபடி நாற்பத்தெட்டு. "போன தடவை தைச்சவங்ககிட்டயே கொடுங்க. இதுவரைக்கும் ஒரு தையல்கூடப் பிரியலை" என்றார் மேடம்.

"சரி மேடம்."

அத்தானுக்குப் போன் செய்து மெஷினைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். "மனசு வரலைம்மா. போர்வை போட்டு மூடி வெச்சிருக்கேன்."

ஜனவரி 3
கடைசி நான்கு. காட்டுப் பை ஒன்றில் இலை என்று சொல்ல எதுவும் இல்லை. காம்பு, நரம்பு, கறுப்புத் தூள். உள்ளே நுழைந்திருந்த வேர் இழைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். 0.9 கிராம்.

பை மட்டும் அப்படியே இருக்கிறது. தையலும்.

ஜனவரி 7
அத்தான் ஆட்டோவில் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பாபினில் பாதி நூல் மிச்சம், பைகளுக்குப் போட்ட அதே வெள்ளை நைலான். எண்ணெய் போட்டேன். நூலைக் கழற்றவில்லை.

ஜனவரி 18
புதுப் பைகளை மேடம் லென்ஸில் பார்த்தார். பதினான்கைத் தனியாக எடுத்து வைத்தார். "மூலையில இடைவெளி இருக்கே. யார் தைச்சது? போன தடவை மாதிரி இல்லையே."

"வேற ஆள் மேடம்."

பதினான்கையும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலமே மெஷின் முன் உட்கார்ந்தேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். நாலாவது பையிலேயே முதுகு கடுத்தது.

ஐந்தாவதில் நூல் அறுந்தது. ஊசியில் கோக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மறுபடி துடைத்தேன். மங்கலாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் மடியில் கிடந்த பை நனைந்திருப்பதைப் பார்த்தேன்.