பேய்க்குத் தெரிந்த ஆடிட் தேதி

சிஸ்டர்,

மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்ததும் சொல்யூஷன் வாசனை முகத்தில் அடித்தது. அடிப்பாகத்தை ஒட்டும் அந்தப் பசை வாசனை ஆம்பூரில் யாருக்கும் புதிதில்லை. என் மகள் மோந்து மோந்து சிரிக்கிறாள். எனக்கோ உங்கள் ஞாபகம் வந்தது. பெட்டியை மாடி வெயிலில் வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். செத்தவர்களுக்கு யாராவது எழுதுவார்களா என்று நீங்கள் கேலி செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள்.

நான் அப்போது வேலை பார்த்த, ஒரு ஊர் அளவுக்குப் பெரிய அந்த ஷூ கம்பெனிக்கு நீங்கள் ஒருவர்தான் நர்ஸ். சத்துவாச்சாரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவீர்கள். ஒரு கட்டில், ஒரு பி.பி. கருவி, தலைவலி மாத்திரை டப்பா, இவ்வளவுதான் உங்கள் அறை. மயங்கி விழுந்தவளுக்கு மாத்திரை கொடுத்து மறுபடி லைனுக்கு அனுப்புவதுதான் உங்கள் வேலை என்று மேனேஜர் நினைத்திருந்தார்.

ஒட்டும் ஹாலின் மூலையில் வேலை பார்த்த ஒருத்தி பிரசவத்தில் செத்துப்போனாள். அவள் இடத்துக்கு மேலே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் தேய்ந்துபோய், சுற்றும்போது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி சத்தம் போடும். அவள்தான் குழந்தையைத் தேடி அழுகிறாள் என்று லைன் பெண்கள் பயந்தார்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டோம். கரண்ட் மிச்சம் என்று அவரும் நிறுத்திவிட்டார். அழுகை நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த மூலையில் உட்காருகிறவர்கள் ஒவ்வொருத்தராக மயங்கி விழ ஆரம்பித்தார்கள்.

என்னை அங்கே உட்கார வைத்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாப்பாட்டு மணிக்கு முன்னால், பின்னாலிருந்து யாரோ என் பெயரைச் சொன்னார்கள். திரும்பினேன். ஈரத்தலையோடு ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். பட்டப்பகல். அவள் மட்டும் தெளிவாகத் தெரிந்தாள், மற்றதெல்லாம் மங்கலாகிவிட்டது. கண் விழித்தபோது உங்கள் கட்டிலில் கிடந்தேன். யாரோ பெயர் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன். ஈரத்தலையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

கம்பெனி பூசணிக்காய் உடைத்தது. "காத்து கருப்பு அடிச்ச பொண்ணு வேணாம்" என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா அழுது அழுது என்னை மந்திரிக்கக் கூட்டிப்போக நாள் பார்த்தாள். எனக்கு வாழ்க்கையே போய்விட்டது என்றுதான் தோன்றியது.

நீங்கள் டீ நேரத்தில் எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தீர்கள்.

"அவ தினமும் வர்றாளாம்மா?"

"ஷூ வாங்குறவங்க வந்து கம்பெனிய செக் பண்ற ஆடிட் அன்னிக்கு மட்டும் வர மாட்டா சிஸ்டர். வெளிநாட்டு பையரப் பார்த்தா அவளுக்கும் பயம்போல" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தோம்.

"அன்னிக்கு வேற இன்னா பண்ணுவாங்க?"

"எண்ணெய் போட்டு ஃபேனெல்லாம் ஓட விடுவாங்க. அவங்க போனதும் நிறுத்திடுவாங்க."

"அடேங்கப்பா. பேய்க்கு ஆடிட் தேதி எப்படிம்மா தெரிஞ்சுது?"

ஹால் பக்கம் திரும்பி, ஓடாத அந்த ஃபேனைப் பார்த்தோம்.

மறுநாள் வெள்ளை யூனிஃபார்மோடு அந்த மூலையில் போய் பசை தடவும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தீர்கள். மேனேஜர் ஓடி வந்தார். "சிஸ்டர், இன்னா இது? ஷிப்மெண்ட் இருக்குது."

"நான் விழலன்னா எல்லாரையும் இங்கயே உக்கார வைங்க சார்" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் முகம் வெளுத்தது. தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தீர்கள். மூச்சு வந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னீர்கள்: "நானும் பார்த்தேன். ஈரத்தலை. முதுகைத்தான் காட்டுனா. இப்ப ஃபேனைப் போடுங்க சார், வர்றாளா பாப்போம்."

ஃபேன் ஓடியது. அழுகைச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அங்கே யாரும் விழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்கே போனீர்கள். "சொல்யூஷன் காத்து தலைக்கு ஏறிச்சு, அவ்ளோதான். எனக்கும்தான் ஏறிச்சு. எனக்கும் பேய்னா சொல்லுங்க, உங்க வீட்டு டீ வேணாம், போய்ட்றேன்." அவர்கள் டீ கொடுத்தார்கள். கல்யாணம் நடந்தது. அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னதாகவே ஞாபகம் இல்லை.

ஈரத்தலையைப் பற்றி மட்டும் ஒருநாள் கேட்டேன். நான் சொல்லாதது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "தெரியலம்மா. தெரியாத வரைக்கும் லைனை ஓட விடக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அதான்."

இப்போது நான் வேறு பெரிய கம்பெனியில் லைன் இன்சார்ஜ். போன வாரம் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். ஃபேன் ஓடுகிறது, காற்றைச் சோதிக்கும் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. "சாப்பிடாம வந்திருப்பா, லைனை ஓட்டுங்க" என்றார் மேனேஜர். லைனை நிறுத்தினால் என் வேலையே போகும் என்பது எனக்குத் தெரியும்.

அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் பின்னாலிருந்து என் பெயர் கேட்டது. மெதுவாக, பாதியில் இழுத்து, நீங்கள் மட்டும் கூப்பிடுகிற மாதிரி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, சிஸ்டர். எழுந்து போய் லைனை நிறுத்தினேன்.